ஹோல்பைனின் கோணல் மண்டையோடு: அச்சிட யோசனை சொல்லுங்க

நண்பர்களே, ஹான்ஸ் ஹோல்பைன் 1533-இல் வரைந்த ‘தூதர்கள்’ ஓவியத்தை வகுப்புச் சுவருக்காக அச்சிட வேண்டும். அசல் லண்டன் நேஷனல் கேலரியில், 207 × 209.5 செ.மீ., கிட்டத்தட்ட சதுரம். காலடியில் இழுபட்டுக் கிடக்கும் சாம்பல் நிறத் தீற்றல், வலது ஓரத்தில் சுவரை ஒட்டி நின்று பார்த்தால்தான் மண்டையோடாகத் திரளும். சிக்கலே அங்கேதான். பளபளப்புத் தாள் என்றால் பக்கவாட்டில் வெளிச்சம் அடித்து மண்டையோடு காணாமல் போகிறது. கண்ணாடிச் சட்டமும் அப்படியே. தாளுக்கேற்ப படத்தை இழுத்தால் மண்டையோடு நசுங்குகிறது. ஓரம் வெட்டினாலோ இடது மேல் மூலையில் பச்சைத் திரைக்குப் பின்னால் பாதி ஒளிந்திருக்கும் சிலுவை போச்சு!

மேட் தாளா, கேன்வாஸா? ஓவியத்தில் உள்ள லூட் என்ற நரம்பு இசைக்கருவியில் அறுந்து தொங்கும் ஒற்றை நரம்பு பின்பெஞ்சுக்காரருக்கும் தெரிய எத்தனை அடி அகலம் வேண்டும்? அச்சிட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.