மறு: ஃபைப்ரில் என்பதற்குப் ‘புரி’ பொருந்துமா? கூடவே பயண வரலாறு

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். ஆய்வில் சேரும் நோயாளர்களுக்கான ஒப்புதல் படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் கொடுத்தாக வேண்டும். அமைலாய்டு ஃபைப்ரில் (மடிப்பு பிறழ்ந்த புரதம் அடுக்கி நின்று உண்டாகும் நுண்ணிய இழை), பயண வரலாறு ஆகிய இரண்டு இடங்களில் இன்னும் தடுமாறுகிறேன்.

முந்தைய மடல்களில் ஃபைப்ரிலுக்கு ‘நச்சுப்புரத நார்’ என்பதற்கே ஆதரவு மிகுதி. ‘நார்’ என்றதும் படிப்பவர் மனத்தில் உணவின் நார்ச்சத்துதான் எழும். ‘நச்சு’ அதைவிடத் தொல்லையானது. நேற்று வரைவை ஒரு மூதாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். அச்சொல் வந்ததும் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, “என் உடம்பில் நஞ்சு இருக்கிறது என்றா எழுதியிருக்கிறீர்கள்?” என்று கேட்டார். அறிவியலும் அச்சொல்லுக்கு முழுத் துணை நிற்கவில்லை. முதிர்ந்த ஃபைப்ரில்களைவிட, அவை உருவாகும் வழியில் தோன்றும் சிறு திரள்களே உயிரணுக்களுக்குக் கூடுதல் கேடு செய்கின்றன என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். மெலனின் நிறமி உருவாகும் நுண்ணுறுப்புகளிலோ, ஒரு புரதம் இதே அமைப்பில் அடுக்கி நின்று உடலுக்கு உதவுகிறது. ஆகவே நச்சுத்தன்மையை வேண்டிய இடத்தில் அடைமொழியாகச் சேர்க்கலாமே தவிர, பெயருக்குள் பூட்டக்கூடாது.

நான் முன்வைப்பது ‘புரதப்புரி’. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இவை ஏறத்தாழ 10 நானோமீட்டர் அகலத்தில், கிளைவிடாமல் நீண்டு தெரிகின்றன. பெரும்பாலானவை இரண்டோ அதற்கு மேலோ மெல்லிழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு உண்டானவை. முறுக்குதலுக்குப் ‘புரி’ என்ற வேர் நம்மிடம் ஆயத்தமாக இருக்கிறது. வலம்புரிச் சங்கிலும் முப்புரி நூலிலும் அது இன்றும் உயிரோடு உள்ளது.

அமைலாய்டை ஒலிபெயர்ப்பாகவே விடுவோம். 1854இல் ஜெர்மானிய மருத்துவர் ஃபிர்கோ அப்பெயரை ஆண்டது, அயோடின் பட்டதும் உடலில் படிந்திருந்த அப்பொருள் மாப்பொருளைப் போல நிறம் மாறியதால்தான். 1859இல் ஃப்ரீட்ரிக், கெக்குலே என்ற ஆய்வாளர்கள் அது புரதத்தன்மை உடையது என்று காட்டிய பிறகும் பெயர் நிலைத்துவிட்டது. நண்பர் ஒருவர் தந்த ‘மாப்போலி’ (மாப்பொருளைப் போன்றது) அழகான சொல். ஆனால் அந்தப் பழைய பிழையைப் புதிதாகத் தமிழுக்குக் கொண்டுவருகிறது. மேலும், இலக்கணத்தில் போலி என்பது, அறம் ‘அறன்’ ஆவதைப் போல, எழுத்து மாறியும் பொருள் மாறாமை. இங்கே நடப்பது நேர்மாறு: அமினோ அமில வரிசையில் ஓர் எழுத்தும் மாறாமலே மடிப்பு பிறழ்ந்து, புரதத்தின் பொருளே வேறாகிவிடலாம்.

பயண வரலாற்றுக்கு ஒருவர் சங்க வழக்கைப் பின்பற்றிச் ‘செலவு’ என்றார். செல்லுதல் என்ற அப்பொருள் எனக்கும் இனியதே. ஆனால் மருத்துவப் படிவத்தில் ‘செலவு விவரம்’ என்று கண்டால் எவரும் பணத்தைத்தான் எழுதுவார்கள். உண்மையில் இக்கேள்வி பயணத்தைவிடத் தங்கலைப் பற்றியது. 1996இல் பிரிட்டனில் கண்டறியப்பட்ட, மாட்டிறைச்சியோடு தொடர்புடைய மாறுபட்ட கிராய்ட்ஸ்ஃபெல்ட்–யாக்கோப் நோயை (மடிப்பு பிறழ்ந்த புரதத்தால் மூளையைத் தாக்கும் நோய்) எண்ணிப் பாருங்கள். அதன் காரணமாக, 1980 முதல் 1996 வரையில் மொத்தம் 3 மாதமோ அதற்கு மேலோ பிரிட்டனில் இருந்தவர்களிடம் அமெரிக்காவில் பல ஆண்டுகள் குருதிக்கொடை பெறாமல் தவிர்த்தார்கள். எங்கே, எந்த ஆண்டுகளில், எவ்வளவு காலம் என்பதே வினா. எனவே ‘பயண, வாழிட விவரம்’ என்று எழுத விரும்புகிறேன்.

———

> நான் முன்வைப்பது ‘புரதப்புரி’.

ஐயா, முப்புரி நூலில் புரி என்பது முறுக்கிய மூன்றில் ஒன்று. முழு நூலும் புரி ஆகாது. தங்கள் சான்றே தங்களுக்கு எதிராக நிற்கிறது. தவிரவும், இன்று ‘புரி’ என்றால் விளங்குதல்தான் எவர் காதிலும் விழும். ‘புரத நுண்ணிழை’ போதும். அதற்கு அடிக்குறிப்பு தேவைப்படாது. இலங்கை வழக்கில் திசுவை ‘இழையம்’ என்பார்கள் என்றாலும், அதனால் குழப்பம் வராது. ஆனால் ‘பயண வரலாறு’ கொரோனாக் காலத்தில் எல்லோருக்கும் பழகிய தொடர். அதை மாற்ற நான் உடன்படவில்லை.

———

முப்புரி பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். படிவத்தில் ‘புரத நுண்ணிழை’ என்றே போகட்டும்; உள்ளே முறுக்கிக் கிடக்கும் மெல்லிழைக்குப் ‘புரி’ என்று கலைச்சொல் பட்டியலில் குறித்துவைக்கிறேன். ‘வாழிடம்’ என்பதை மட்டும் விட மனமில்லை. ஊர் மாறிப் பத்தாண்டு குடியிருந்தவர் அதைப் பயணம் என்று நினைக்கமாட்டார். அக்கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார்.