பஷ்தூன் அரசுகளை வீழ்த்தியது குலச் சமத்துவமா, அதை மிதித்த மன்னர்களா?

நெடுவழி:
டெல்லியை ஆண்ட லோதிகளும் (1451–1526) சூர்களும் (1540–1555) பஷ்தூன்கள், அதாவது ஆப்கான் குலத்தவர்கள். வாள்வலியில் குறையில்லை, ஷேர் ஷா போன்ற நிர்வாகியும் இருந்தார். ஆனாலும் இரண்டு அரசுகளும் நிலைக்கவில்லை. என் கணிப்பில் முதல் காரணம் குலத் தலைவர்களின் பெருமிதம். பஹ்லூல் லோதி அரியணையைத் தவிர்த்து, அமீர்களோடு (பிரபுக்களோடு) ஒரே கம்பளத்தில் அமர்ந்தார். எவராவது மனத்தாங்கல் கொண்டால் அவர் வீட்டுக்கே போய், இடுப்பு வாளை அவிழ்த்து முன்னால் வைத்து, தான் தகுதியற்றவன் என்றால் வேறொருவரைத் தேர்ந்தெடுக்கலாம் என்று சொன்னதாகப் பழைய வரலாறுகள் கூறுகின்றன. இப்படிப் பழகிய தலைவர்கள் அவருடைய பேரன் இப்ராஹிம் லோதிக்கு எப்படித் தலைவணங்குவார்கள்? சுல்தானைத் தங்களில் ஒருவராக நினைக்கும் கூட்டத்தை வைத்துக்கொண்டு பேரரசு நடத்த முடியாது.

கரிசல்மண்:
முடியாது என்கிறீர்கள். பஹ்லூல் 38 ஆண்டுகள் நடத்திக் காட்டினாரே! அவர் டெல்லியைப் பிடித்தபோது கையில் என்ன இருந்தது? கிழக்கே ஜௌன்பூரை ஆண்ட ஷர்க்கி சுல்தான்கள் பெரும்படையோடு திரும்பத் திரும்ப வந்தார்கள். அவர் பஷ்தூன்களின் தாயகமான ரோஹ் மலைநாட்டுக் குலங்களுக்கு ஆள் அனுப்பினார், ஜாகீர் (வரி வருவாய்க்கான நிலம்) தருகிறேன், வாருங்கள் என்றார். ஷேர் ஷாவின் பாட்டனார் இப்ராஹிம் சூர் அந்த அலையில் வந்தவர்தான். இந்தத் தலைவர்களை நிறுத்தி வைக்க மரியாதையும் ஊதியத்தின் ஒரு பகுதி. கம்பளத்தில் இடம் கொடுத்ததால்தான் ஜௌன்பூர் வீழ்ந்தது.

கெடுத்தவர் பேரன் இப்ராஹிம் லோதி. அரசனுக்கு உறவினர் கிடையாது என்று சொல்லி, கம்பளத்தில் அமர்ந்தவர்களின் பிள்ளைகளைக் கைகட்டி நிற்க வைத்தார். தந்தையின் மூத்த அமைச்சர் மியான் புவா சிறையில் செத்தார். ஜௌன்பூரைப் பெற்ற தம்பி ஜலால் கான் கொல்லப்பட்டார். பீகார் பிரிந்தது. பஞ்சாபின் தௌலத் கான் லோதி காபூலுக்குத் தூது அனுப்பி பாபரை அழைத்தார். அழைத்தவரும் லோதி என்பதை மறக்க வேண்டாம்.

நூலகவாசி:
இருவரும் பானிபத் களத்தையே மறந்துவிட்டீர்கள். 1526 ஏப்ரலில் பாபர் ஏறத்தாழ 700 வண்டிகளைத் தோல்கயிற்றால் பிணைத்து, இடையில் துப்பாக்கி வீரர்களையும் பீரங்கிகளையும் நிறுத்தினார். இருபுறமும் குதிரைப்படை சுற்றி வளைத்தது. யானைகளை நம்பி நெருக்கமாக வந்த பெரும்படைக்குத் திரும்ப இடமில்லாமல் போயிற்று. குல அமைப்பு எப்படி இருந்திருந்தாலும் அன்று தோல்விதான்.

கரிசல்மண்:
அன்றைய தோல்விக்கு அது போதும். ஆனால் பானிபத்தில் தோற்ற அதே ஆப்கானியர்கள் 13 ஆண்டுகள் கழித்து சௌசாவில் பாபரின் மகன் ஹுமாயூனை விரட்டினார்கள், மறு ஆண்டு கன்னௌஜில் நாட்டை விட்டே துரத்தினார்கள். பீரங்கி அப்போதும் முகலாயரிடம் இருந்தது.

நெடுவழி:
நல்லது, ஷேர் ஷாவையே எடுத்துக்கொள்வோம். அவர் என் பக்கத்துச் சாட்சி. குதிரைக்குச் சூடு போட்டு, வீரனின் அங்க அடையாளம் எழுதிப் படையை எண்ணினார். தலைவன் சொல்லும் கணக்கை நம்பவில்லை. நிலத்தை அளந்து, விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு வரி என்று பட்டா எழுதிக் கொடுத்தார். சோனார்காவ் முதல் சிந்து நதி வரை சாலை போட்டு, வழியெல்லாம் சத்திரங்கள் கட்டினார். ஐந்தே ஆண்டுகள்! குலத் தலைவர்களின் கையை ஒடித்ததால்தான் இது நடந்தது. 1545-இல் காலிஞ்சர் முற்றுகையில் வெடிமருந்து தீப்பற்றி அவர் இறக்காமல் இருந்திருந்தால் ஹுமாயூன் திரும்பி வந்திருக்கவே முடியாது.

கரிசல்மண்:
ஷேர் ஷா கணக்குக் கேட்டார், உண்மை. ஆனால் யாரையும் அவமதிக்கவில்லை. சம்பளத்தை ஒழுங்காகக் கொடுத்தார், திறமை கண்ட இடத்தில் பதவி கொடுத்தார். ரோத்தாஸ் கோட்டையைக் கட்டும் வேலை பஷ்தூன் அல்லாத தோடர்மாலிடம் போனது, ஓடிய ஹுமாயூனைத் துரத்தும் பொறுப்பு அவரைப் போலவே பஷ்தூன் அல்லாத பிரம்மஜித் கௌரிடம் போனது. அவருடைய வெள்ளி ரூபாயில் பாரசீக எழுத்தோடு நாகரி எழுத்திலும் பெயர் இருக்கிறது. பஷ்தூன் குலங்களை மட்டும் நம்பாமல், அவர்களைப் பகைக்காமலும் ஆண்ட மன்னர் அவர்.

மகன் இஸ்லாம் ஷா செய்ததைப் பாருங்கள். வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொரு பகுதியிலும் உயர்ந்த கூடாரம் அடித்து, சுல்தானின் செருப்பையும் அம்புக்கூட்டையும் ஆசனத்தில் வைப்பார்கள். படைத்தலைவர்கள் வரிசையாக வந்து தலைகுனிவார்கள். பிறகு நீண்ட ஆணைப் பத்திரம் வாசிக்கப்படும். சிறுவனாக இருந்தபோது தன் கண்ணால் பார்த்ததாக வரலாற்றாசிரியர் பதாயூனி எழுதியிருக்கிறார். பஹ்லூலின் கம்பளத்திலிருந்து இந்தச் செருப்புக்கு நூறு ஆண்டுகள் கூட ஆகவில்லை. நியாஸி என்ற பஷ்தூன் குலத்தார் கிளர்ந்தார்கள். தந்தையின் தளபதி கவாஸ் கானை நம்ப வைத்துக் கொன்றார்கள். இதன் பிறகு யார் உயிரைக் கொடுத்துச் சண்டை போடுவார்கள்?

நெடுவழி:
கொடுமை என்பதை மறுக்கவில்லை. ஆனால் இஸ்லாம் ஷா உயிரோடு இருந்தவரை ஹுமாயூனால் டெல்லியை நெருங்க முடியவில்லையே! அரசு சிதறியது அவர் இறந்த பிறகுதான். பன்னிரண்டு வயது மகன் ஃபிரோஸை, தாய்மாமனே கொன்றுவிட்டு அடில் ஷாவாக முடிசூடினார். உடனே இப்ராஹிம் சூர் (ஷேர் ஷாவின் பாட்டனார் அல்ல, அதே பெயர் கொண்ட வேறொருவர்) ஒரு பக்கம், பஞ்சாபில் சிக்கந்தர் சூர், வங்காளத்தில் முகமது ஷா. ஆளுக்கொரு துண்டு. முகலாய இளவரசர்களும் சகோதரர்களைக் கொன்றார்கள், ஆனால் வென்றவன் முழு நாட்டையும் எடுத்துக்கொண்டான். இங்கே ஒவ்வொருவரும் தானும் சுல்தான் என்றார்கள். நான் சொல்லும் குலப் பெருமிதம் இதுதான்.

நூலகவாசி:
இந்த இடத்தில் நெடுவழி சொல்வதில் வலு இருக்கிறது. வாரிசு முறை எழுதப்படாத அரசு, பாசத்தால் கட்டினாலும் பயத்தால் கட்டினாலும் அரசன் கண் மூடியதும் அவிழும்.

கரிசல்மண்:
அப்படியானால் பின்னாளில் ஆப்கானிஸ்தானை ஆண்ட பஷ்தூன்களான துரானிகளுக்கு வாருங்கள். 1747-இல் காந்தஹாரில் தலைவர்கள் கூடி அகமது ஷாவைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் அவர்களைக் கலந்துகொண்டு ஆண்டார். சிந்து நதி தாண்டி முல்தான், காஷ்மீர் வரை அரசு பரவியது. பேரன் ஜமான் ஷா, தன்னை அரியணையில் ஏற்றிய பாயிந்தா கான் பாரக்ஸாயையே கொன்றார். அவருடைய குலமான பாரக்ஸாய்கள் சும்மா இருக்கவில்லை. ஜமான் ஷாவின் கண்கள் பறிக்கப்பட்டன, அரச குடும்பச் சண்டை ஓயவே இல்லை. 1818-இல் முல்தானும் 1819-இல் காஷ்மீரும் சீக்கிய மன்னர் ரஞ்சித் சிங்கிடம் போயின. வாரிசுப் போட்டி அங்கும் இருந்தது, ஆனால் அதைத் தீர்த்து வைக்கக் கூடிய தலைவரை முதலில் வெட்டியது யார்? நெடுவழி, இதற்குப் பதில் சொல்லுங்கள்.