வெளியே வந்த பெண்களும் தவறிப்போகும் வாய்தாவும்

சட்ட உதவித் தன்னார்வலர்:
ஜெயிலிலிருந்து வெளியே வந்தவள் மறுபடி உள்ளே போனால் "திரும்பத் திருடிட்டா"ன்னுதான் தெரு பேசும். பலருக்கு அது புதுக் குற்றமே இல்லை, பழைய கேஸில் போகாத வாய்தா, அதாவது கோர்ட் தேதி. ஒரு கேஸில் தண்டனை முடிந்திருக்கும். வேறொரு ஸ்டேஷன் போட்ட கேஸ் இன்னொரு கோர்ட்டில் கிடக்கும். வீடு மாறியிருப்பாள், சம்மன் சேராது, பிடிவாரண்ட் விழுந்துவிடும்.

அதனால் துணிமணி, ரேஷன் கார்டுக்கெல்லாம் முன்னால் எத்தனை கேஸ், எந்தக் கோர்ட், எந்தத் தேதி என்று பாருங்க. ஈ-கோர்ட்ஸ் ஆப்பில் ஒவ்வொரு கேஸுக்கும் தனியாக இருக்கும் சி.என்.ஆர். எண்ணை (எழுத்தும் எண்ணும் கலந்து 16 இடம்) போட்டால் அடுத்த தேதி வரும். அது இல்லையா, ஸ்டேஷன் பெயர், எஃப்.ஐ.ஆர். எண், வருஷம் வைத்துத் தேடலாம். வாரண்ட் இருந்தால் ஒளியவே கூடாது. வக்கீலோடு நேரில் கோர்ட்டுக்குப் போய், வாரண்டைத் திரும்பப் பெறச் சொல்லி ரீகால் மனு போடணும். பிடித்து வந்தவளுக்கும் தானாக வந்தவளுக்கும் கோர்ட்டில் நிறைய வித்தியாசம். வாய்தா தவறின அன்றைக்கு உடம்பு சரியில்லாமல் இருந்திருந்தால் ஆஸ்பத்திரிச் சீட்டையும் சேர்த்துக் கொடுங்க. வக்கீலுக்குக் காசில்லை என்றால் 15100-க்கு, அதாவது சட்ட உதவி எண்ணுக்கு, போன் பண்ணுங்க. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, சட்டத்திலேயே இருக்கு.

வேலை பார்த்துக் கொடுப்பவர்:
மேலே சொன்னதோடு இதையும் பாருங்க. பெயிலில் வந்த பலருக்கு தினம் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் போய்க் கையெழுத்து போடணும்னு கண்டிஷன் இருக்கும். அப்படிப்பட்டவளைக் காலை ஷிஃப்ட் ஹவுஸ்கீப்பிங்கில் சேர்த்தால் ஒரு வாரத்தில் வேலை போகும், இல்லை கையெழுத்து போகும். கண்டிஷனைத் தளர்த்த மனு போட்டுவிட்டு, அதுவரை மதியத்துக்கு மேல் வேலை தேடுங்க. சென்னை புழல் ஜெயில் பக்கத்தில் 2023-ல் பெண் கைதிகளே நடத்தும் பெட்ரோல் பங்க் திறந்தாங்க. நல்லதுதான். ஆனால் அது உள்ளே இருக்கிறவங்களுக்கான வேலை, விடுதலையோடு அந்தச் சம்பளமும் நின்றுவிடும்.

தையல் சொல்லித்தருபவர்:
உதவி என்றாலே தையல் மெஷின் கொடுத்துவிடறாங்க. உள்ளே பழகியது பவர் மெஷின், அதுவும் சீருடை, தலையணை உறை மாதிரி நேர்த்தையல். கொடுப்பதோ மிதி மெஷின். தெருவில் வருவதோ லைனிங் ஜாக்கெட். ஜாக்கெட் கைப்பகுதியை வெட்டும்போது அரை இஞ்ச் தப்பினாலும் துணிக்குக் காசு கேட்பாங்க. ரெண்டு தடவை அப்படி ஆனால் மெஷின் அடகுக் கடைக்குப் போகும். முதல் ரெண்டு மாசம் புடவைக்கு ஃபால்ஸ், ஓரம், நைட்டி பிடித்துக் கொடுப்பது, இவ்வளவு போதும். கூடவே பழைய ஜாக்கெட்டைப் பிரித்து பேப்பரில் அளவு எடுத்து வெட்டிப் பழகட்டும். மிதி பழகவே பத்து நாள் ஆகும், நூல் அறுந்துகொண்டே இருக்கும். சக்கரத்தைப் பின்பக்கம் சுழற்றுவதால் வருவது அது.