மெல்பர்ன் பக்கம் தங்கம் தேட எந்த மெட்டல் டிடெக்டர்?

மணல்வீடு: செயின்ட் கில்டா கடற்கரையில் மோதிரம், காசு தேடணும், அப்படியே பழைய தங்கவயல் ஊரான பாலரட் பக்கம் தங்கக்கட்டியும் பார்க்கணும். இரண்டுக்கும் ஒரே மெஷின் போதுமா?

செம்மண்: போதாது நண்பா. ஈர உப்பு மணலில் ஒற்றை அலைவரிசை மெஷின் சும்மா கத்திக்கொண்டே இருக்கும், அதற்குப் பல அலைவரிசை மெஷின்தான் சரி. பாலரட்டில் மண்ணே இரும்புச்சத்து, அங்கே, விட்டுவிட்டு மின்துடிப்பு அனுப்பித் தேடும் பல்ஸ் இண்டக்‌ஷன்தான் ஆழமாகப் போகும், ஆனால் ஆணியையும் தங்கத்தையும் சரியாகப் பிரித்துச் சொல்லாது, எல்லாத்தையும் தோண்டணும். விலையும் கையைக் கடிக்கும்.

பழையகாசு: முதலில் கடற்கரை மெஷினையே வாங்குங்க. கோலா டின் மூடியின் வளையமும் தங்க மோதிரமும் மெஷின் திரையில் ஏறக்குறைய ஒரே நம்பரைத்தான் காட்டும், வளையம் வேண்டாம் என்று மெஷினில் அந்த நம்பரை ஒதுக்கினால் மோதிரமும் போச்சு. நான் ஒரு காலை முழுக்கத் தோண்டி எடுத்தது பதினேழு வளையம், ஒரு ஹேர்பின்!

செம்மண்: அப்புறம், பாலரட் போகும்முன் மைனர்ஸ் ரைட் (தங்கம் தேடுவதற்கான அரசு அனுமதி) எடுத்துடுங்க. பத்து வருஷம் செல்லும். 1869இல் மோலியாகுலில் ‘வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்’ என்ற பெரிய தங்கக்கட்டி கிடைத்தது மேல்மண்ணிலிருந்து சில சென்டிமீட்டரில்தான், அதனால் ஆழத்துக்காக மட்டும் காசைக் கொட்டாதீங்க.

மணல்வீடு: சரி, கடற்கரையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.