ஓட்டு எண்ணிய நாளுக்கும் பதவியேற்புக்கும் நடுவில் முதல்வர் யார்?

கோட்டைப்பக்கம்:
2021 தமிழ்நாடு தேர்தலில் மே 2 ஓட்டு எண்ணினார்கள், மே 7தான் பதவியேற்பு. நடுவில் கோப்புகளில் கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கு? தோற்றவர் ராஜினாமா தராமல் உட்கார்ந்துவிட்டால்?

அரசிதழ்வாசகன்:
பழைய முதல்வருக்குத்தான். மே 3 பழனிசாமி ராஜினாமாக் கடிதம் அனுப்பினார். ஆளுநர் பன்வாரிலால் புரோகித் அதை ஏற்று, மாற்று ஏற்பாடு ஆகும்வரை தொடரச் சொன்னார். காபந்து அரசு அன்றாட வேலையைப் பார்க்கும். புதுத் திட்டம், பெரிய டெண்டர் பக்கம் போகாது. இதற்குச் சட்டத்தில் ஒரு வரிகூடக் கிடையாது, எல்லாம் மரபுதான்.

கூடவே அரசியலமைப்பின் 174ஆவது பிரிவின்படி ஆளுநர் பழைய பேரவையையும் கலைத்தார். இதை வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 73ஆவது பிரிவைப் பார்க்கணும். வென்றவர்கள் பட்டியலைத் தேர்தல் ஆணையம் அறிவிக்கையாக வெளியிட்டதுமே புதிய பேரவை அமைந்ததாகக் கணக்கு. ஆனால் பழைய பேரவையின் ஆயுளை அது பாதிக்காது என்றும் அதே பிரிவு சொல்கிறது. பழையதற்கு மே 24 வரை ஆயுள் இருந்தது. கலைக்காமல் விட்டால் காகிதத்தில் இரண்டு பேரவை!

நடுப்பெஞ்சு:
ராஜினாமா தராவிட்டால் அரசியலமைப்பின் 164(1) இருக்கு. ஆளுநர் விரும்பும்வரைதான் அமைச்சர்கள் பதவி. பெரும்பான்மை போனவரை நீக்கலாம். திமுக சின்னத்தில் மட்டும் 133 பேர் ஜெயித்த தேர்தலில் யார் அடம்பிடிக்க முடியும்? யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காத தொங்கு சட்டமன்றம்தான் தலைவலி. கர்நாடகா 2018: 222 இடத்தில் பாஜகவுக்கு 104. பெரும்பான்மையை நிரூபிக்க பாஜகவின் எடியூரப்பாவுக்கு ஆளுநர் 15 நாள் அவகாசம் தந்தார்; உச்ச நீதிமன்றம் மே 19க்கே வாக்கெடுப்பு என்றது. வாக்கெடுப்புக்கு முன்பே அவர் ராஜினாமா.

கோட்டைப்பக்கம்:
எம்.எல்.ஏ.க்கள் பிரமாணம் எடுத்தது மே 11. அப்போ மே 7 அன்று அமைச்சரானவர்கள்?

அரசிதழ்வாசகன்:
அது வேற பிரமாணம். மே 4 அறிவாலயத்தில் ஸ்டாலினைச் சட்டமன்றக் கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள், மே 5 ஆளுநரிடம் கடிதம், மே 7 ராஜ்பவனில் பதவிப் பிரமாணமும் ரகசியக் காப்புப் பிரமாணமும். எம்.எல்.ஏ.வாக இல்லாதவர்கூட ஆறு மாதம் அமைச்சராக இருக்கலாம். 234இல் 15 சதவீதம், அதாவது முதல்வரோடு 35 பேர் உச்சவரம்பு. 34 பேர் பதவியேற்றார்கள். அன்றே தலைமைச் செயலாளரும் மாறி இறையன்பு வந்தார்.

எம்.எல்.ஏ. பிரமாணம் கலைவாணர் அரங்கில், தற்காலிக சபாநாயகர் பிச்சாண்டி முன்னால். அதை எடுக்காமல் அவையில் உட்கார்ந்தாலோ ஓட்டுப் போட்டாலோ அரசியலமைப்பின் 193ஆவது பிரிவில் நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம். 1950இல் போட்ட தொகை, இன்னும் ஏறவில்லை.