குளியலறைக் கதவுக்கு வெளியே நான்கு ஆண்டுகள்

தஞ்சாவூர் அக்கா:
என் தம்பி காலை 6 மணிக்குக் குளிக்கப் போனால் 9.30 மணிக்குத்தான் வெளியே வருவான். சட்டை போட இன்னும் அரை மணி நேரம். நான்கு ஆண்டுகள் இப்படியே கழிந்தன. அப்பா சோம்பேறி என்று திட்டினார். அத்தை செய்வினை என்றார். குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாட்கள் தங்கினோம். அம்மாவுக்கு அங்கே மனம் ஆறியது. தைராய்டு பரிசோதனையிலும் மூளை ஸ்கேனிலும் குறையில்லை. மனச்சோர்வுக்கென்று ஒருவர் தந்த மாத்திரையைப் பலனில்லையென நான்கே வாரத்தில் நாங்களாகவே நிறுத்திவிட்டோம்.

ஒருநாள் பக்கத்து வீட்டுக் குழந்தை திண்ணையிலிருந்து சரிந்தது. சோற்றில் கை வைத்தபடி உறைந்திருந்த தம்பி பாய்ந்து பிடித்தான். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. உடம்பில் வேகம் இருக்கிறது, எதுவோ அதைப் பிடித்து வைத்திருக்கிறது!

புதிதாகப் பார்த்த மனநல மருத்துவரிடம் இதைச் சொன்னேன். சட்டையைக் கழற்றித் திரும்பப் போடும்படி தம்பியிடம் சொல்லிவிட்டுப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு பொத்தானுக்கு 19 நிமிடம். "கை நிற்கிறதே தம்பி, அப்போது மனதுக்குள் என்ன ஓடுகிறது?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. கூடவே இருந்த நானும் கேட்கவில்லை. பொத்தான் துளையில் சரியாக உட்கார்ந்த உணர்வு வரவேண்டுமாம். இடையில் கெட்ட நினைப்பு வந்தால் 16 வரை எண்ணி, முதலிலிருந்து தொடங்க வேண்டுமாம். சொல்லி முடித்ததும் அழுதான்.

அது எண்ணச் சுழற்சி நோய், ஓ.சி.டி. இத்தகைய மந்தத்தைத் தனியாக அடையாளம் காட்டி ராக்மன் என்ற உளவியலாளர் 1974-இல் எழுதினார் என்றும், இப்படிப்பட்ட பலரிடம் துருவிக் கேட்டால் மனதுக்குள் நடக்கும் எண்ணலும் சரிபார்த்தலும் வெளிப்படும் என்றும் மருத்துவர் விளக்கினார். நோயின் கடுமையை 40 மதிப்பெண்ணுக்கு அளக்கும் கேள்விப்பட்டியலில் தம்பிக்கு 31 வந்தது. மந்தம் பற்றிய கேள்வி அதில் இருந்தும், அந்த 40-இல் அது சேராதாம்.

செர்ட்ரலின் மாத்திரையைச் சிறிது சிறிதாகக் கூட்டினார். மனச்சோர்வுக்குத் தருவதைவிடப் பெரும்பாலும் கூடுதல் அளவு வேண்டும், 8 முதல் 12 வாரம் பொறுக்க வேண்டும் என்றார். எங்கள் நான்கு வார அவசரத்தை நினைத்து வருந்தினேன். உளவியல் நிபுணர் தம்பியின் பக்கத்தில் நின்று தாமும் பல் துலக்கிக் காட்டினார். தம்பி நின்றால் "அடுத்தது" என்று ஒரே சொல். எண்ணத் தோன்றினாலும் எண்ணாமல் அந்தப் பதைப்போடு நகர வேண்டும். வாரந்தோறும் நேரத்தைக் குறைத்தார். பிறகு அந்தச் சொல்லையும் குறைத்தார். சொல் குறைந்த வாரங்களில் மறுபடி மந்தமானான். இப்போது குளியல் 40 நிமிடம். தேர்வு நெருங்கினால் ஒரு மணி நேரமாகிறது.

மதுரை அம்மா:
என் மகன் பத்தாம் வகுப்பு. ஒரு பத்தியைப் படிக்க ஒரு மணி நேரம். படித்த வரிக்கே திரும்புகிறான். "சரியாகப் படித்தேனா அம்மா?" என்பான், நான் தலையாட்டினால்தான் பக்கம் புரளும். உங்கள் அம்மாவும் இப்படி உதவினார்களா? எப்படி நிறுத்தினார்கள்?

ஓய்வுபெற்ற செவிலியர்:
அம்மா, முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். மெதுவானதெல்லாம் ஓ.சி.டி. அல்ல. எங்கள் வார்டுக்கு வந்த ஒரு பெண் பேச்சையும் சாப்பாட்டையும் நிறுத்தியிருந்தார். தூக்கி வைத்த கை அந்தரத்திலேயே நின்றது. அது கேட்டடோனியா, உடல் அசைவின்றி உறைந்துபோகும் நிலை. லோரசெபாம் ஊசி போட்டபின் தண்ணீர் கேட்டார். பேச்சோ சாப்பாடோ நின்றால் ஒருநாளும் தாமதிக்காதீர்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416; தமிழிலும் பேசலாம்.

தஞ்சாவூர் அக்கா:
மதுரை அம்மா, எங்கள் அம்மாவும் கதவருகே நின்று "சரியாகிவிட்டது கண்ணா, வா" என்று நூறு முறை சொல்வார். நிபுணர் அதை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவில்லை. தம்பியையும் உட்கார வைத்துப் பேசி, முதல் வாரம் ஐந்து முறை, அடுத்த வாரம் மூன்று என்று மூவருமாக முடிவு செய்தார்கள். கடைசி வாரம் அம்மா கொல்லைப்புறத்தில் துணி துவைத்தார். உள்ளே தம்பி அழைத்தது கேட்டது. அம்மா துவைத்த துணியையே மறுபடி துவைத்தார். 55 நிமிடத்தில் தம்பி தானாக வெளியே வந்தான்.