தகைவொடுக்கம்: இறுகிய பாறையின் ஊடுருவுதிறன் குறைவதற்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பாறையின்மீது தகைவு (ஓரலகு பரப்பு சுமக்கும் விசை, stress) ஏறும்போது அதன் ஊடுருவுதிறன் (நீர், வாயு போன்ற பாய்மங்களைத் தன் வழியே விடும் திறன், permeability) குறைகிறது. இதற்குத் தமிழில் ஒரு சொல் தேடுகிறோம். இதுவரை இரண்டு பரிந்துரைகள் வந்திருக்கின்றன.

> ‘தகைவு உணர்திறன்’ என்றே வைத்துக்கொள்ளலாம். மற்றத் துறைகளிலும் ‘உணர்திறன்’ புழங்குகிறது.

> ‘அழுத்த ஒடுக்கம்’ எளிது. மாணவர்களுக்கு உடனே புரியும்.

இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. உணரும் கருவி தான் உணர்ந்ததைக் காட்டிவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பாறை அப்படித் திரும்புவதில்லை. தகைவு ஏறினால் அதன் துளைகள் ஒடுங்குகின்றன. தகைவு இறங்கினாலும் முழுவதுமாகத் திறப்பதில்லை. அந்த இழப்பைச் சொல்லாத பெயர் எதற்கு?

இரண்டாவது பரிந்துரையில் இதைவிடப் பெரிய சிக்கல் இருக்கிறது. 3,000 மீட்டர் ஆழத்தில் உள்ள மணற்பாறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேலே கிடக்கும் அடுக்குகளின் எடை அதன்மீது ஏறத்தாழ 70 மெகாபாஸ்கல் தகைவை ஏற்றுகிறது. துளைகளில் நிறைந்திருக்கும் நீரோ வாயுவோ சுமார் 30 மெகாபாஸ்கல் அழுத்தத்துடன் உள்ளிருந்து தாங்குகிறது. மிச்சம் 40. அதைத்தான் பாறையின் மணிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு சுமக்கின்றன. மண் இயக்கவியல் அறிஞர் டெர்சாகி 1920களில் மண்ணுக்கு வகுத்துக் கொடுத்த கணக்கு இது. 1941இல் இயற்பியலாளர் பயோ அதை முப்பரிமாணத்துக்கு விரித்தார். இந்த மிச்சத்தைச் ‘செயலுறு தகைவு’ என்கிறேன். இப்போது கிணறு வாயுவை எடுக்க எடுக்க உள்ளழுத்தம் 10க்கு இறங்குகிறது என்று வையுங்கள். மேலே ஒரு கல்கூடக் கூடவில்லை. ஆனால் மணிகளின் சுமை 60 ஆகிவிட்டது. ஆக, துளைகளை ஒடுக்கியது அழுத்தம் குறைந்ததுதான். இந்த நிகழ்வுக்கு ‘அழுத்த ஒடுக்கம்’ என்று பெயரிட்டால், மாணவர் நேர்மாறாகப் புரிந்துகொள்வார். அழுத்தம் பாய்மத்துக்கு, தகைவு பாறைக்கு என்ற பாகுபாட்டை எந்தச் சொல்லும் குலைக்கக் கூடாது.

எனவே என் பரிந்துரை: தகைவொடுக்கம்.

‘ஒடுக்கம்’ என்பதை விரும்பி எடுத்ததற்குக் காரணம் உண்டு. செயலுறு தகைவு ஏறும்போது புரைமை (பாறையில் துளைகளின் பங்கு) சிறிதளவே குறைகிறது. ஊடுருவுதிறனோ பல மடங்கு சரிகிறது. துளையின் வயிற்றுப் பகுதி பெரும்பாலும் தப்பிவிடும், நெரிபடுவது துளைகளை இணைக்கும் குறுகிய கழுத்து. இறுகிய மணற்பாறைகளில் அந்தக் கழுத்துகள் பல இடங்களில் மணிகளுக்கு இடையே மெல்லிய கீறல்களாகவே இருக்கின்றன. தட்டையான கீறல் வழியே செல்லும் ஓட்டம் அதன் திறப்பளவின் மும்மடிக்கு ஏற்ப அமையும்: திறப்பு பாதியானால் ஓட்டம் எட்டில் ஒரு பங்கு. ‘சுருக்கம்’ என்றால் பாறையின் மொத்தப் பருமன் குறைந்ததாக எண்ணத் தோன்றும். ‘ஒடுக்கம்’ வழி குறுகியதைச் சொல்கிறது.

எவ்வளவு குறையக்கூடும் என்பதற்கு 1968இல் பிரேஸும் உடன் ஆய்வாளர்களும் வெஸ்டர்லி கிரானைட்டில் எடுத்த அளவீடு நல்ல சான்று. செயலுறு தகைவு 10 மெகாபாஸ்கலாக இருந்தபோது ஊடுருவுதிறன் 350 நானோடார்சி (டார்சி என்பது ஊடுருவுதிறனின் அலகு). 400 மெகாபாஸ்கலில் 4 நானோடார்சி. கிரானைட் எண்ணெய்த் தேக்கப்பாறை அல்லதான், ஆனால் கீறல் வழியே நடக்கும் ஓட்டத்தின் இயல்பை அது அப்பட்டமாகக் காட்டுகிறது. வாயு தரும் இறுகிய பாறைகளின் ஊடுருவுதிறன் தொடக்கத்திலேயே 0.1 மில்லிடார்சிக்கும் கீழே. அதிலும் இழப்பென்றால் கிணற்றின் வரத்தே கேள்விக்குள்ளாகும்.

‘ஊடுருவுதிறன்’ என்று நான் ஏன் எழுதுகிறேன் என ஒருவர் கேட்டிருந்தார். அதே ஆங்கிலச் சொல்லுக்கு வழங்கும் ‘உட்புகுதிறன்’ காந்தவியலில் ஏற்கெனவே ஊன்றிவிட்டது. அதை அங்கேயே விட்டுவிடலாம்.

ஒரு வரம்பையும் சொல்லியாக வேண்டும். நிலக்கரிப் படுகையில் மீத்தேன் வெளியேறும்போது கரியே சுருங்கி, அதன் பிளவுகள் அகலக்கூடும். அமெரிக்காவின் சான் வான் படுகையில் உற்பத்தி நடக்க நடக்க ஊடுருவுதிறன் கூடியிருக்கிறது. அங்கே தகைவொடுக்கமும் கரிச்சுருக்கமும் ஒன்றையொன்று எதிர்க்கின்றன, இரண்டாவது வென்றுவிடுகிறது. ஆகவே கூடுவதையும் குறைவதையும் சேர்த்துச் சொல்லும் பொதுப்பெயராகத் ‘தகைவுசார் ஊடுருவுதிறன்’ இருக்கட்டும். தகைவால் குறைவதற்கு மட்டும் ‘தகைவொடுக்கம்’. இலங்கை வழக்கில் ‘தகைப்பு’ என்று எழுதுவோர் ‘தகைப்பொடுக்கம்’ எனலாம், பொருள் மாறாது.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “கிணற்றை மூடி வைத்ததும் உள்ளழுத்தம் மீண்டது, தகைவொடுக்கத்தின் ஒரு பகுதி மீளவில்லை.” இடறாமல் வருகிறது.

அந்த மீளாத பகுதிக்குத்தான் இன்னும் முடிவு எட்டவில்லை. ‘மீளா ஒடுக்கம்’ என்பது என் சாய்வு. ‘எச்ச ஒடுக்கம்’ என்றால், சுமை நீங்கிய பின்பும் தங்கிவிட்ட அளவைக் குறிப்பது தெளிவாகிறது. ஆனால் ‘எச்சத் தகைவு’ (சுமை நீங்கிய பின்பும் பொருளுக்குள் தங்கும் தகைவு) என்ற வேறொரு கருத்தோடு குழம்பலாம். பாறை இயக்கவியல் கற்பிக்கும் நண்பர்கள் வகுப்பில் எது நிற்கும் என்று எழுதுங்கள். அதன்பின் ‘தகைவொடுக்கம்’, மீளாத பகுதிக்கான பெயர் ஆகிய இரண்டையும் சொற்பட்டியலில் சேர்த்துவிடலாம்.

அன்புடன்